125 கிலோமீட்டருக்கு ஒரு நாள், 5652 கிலோமீட்டருக்கு இரண்டு விடியல்

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். கற்பிட்டியில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 117 கிலோமீட்டர். அதே கற்பிட்டியில் இருந்து இராமேஸ்வரம்? ஏறக்குறைய 125. வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ரெண்டுக்கும் பத்துக் கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

இப்ப உச்சமுனையில் இருக்கிற ஒருவர் இராமேஸ்வரம் போகவேணும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் போட்டில் கற்பிட்டிக்கு வரவேணும். அங்கே இருந்து பஸ்ஸில் பாலாவிச் சந்தி. பிறகு சிலாபம், நீர்கொழும்பு தாண்டி கட்டுநாயக்க. விமானம் கிளம்ப மூன்று மணித்தியாலம் முன்னுக்கே போய் நிற்கவேணும். மதுரைக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு. இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை குத்தி, மறுபடியும் 170 கிலோமீட்டர் அளவில் தரைவழி. விடியற்காலையில் கிளம்பினாலும் போய்ச் சேர இரவாகிவிடும். 125 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள்!

ரெண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால், இவ்வளவு கிலோமீட்டர், இவ்வளவு மணித்தியாலம் என்று போன் உடனே சொல்லிவிடும். இந்த இரண்டு இலக்கங்களும் ஏதோ இயற்கை தந்த மாதிரி நாம் எடுத்துக்கொள்கிறோம். கிலோமீட்டர் வேண்டுமானால் இயற்கை தந்தது. மணித்தியாலம் அப்படி இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. யார் எந்த வழியை மூடினார்கள், யாருக்காக எந்த வழி திறக்கப்பட்டது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்கிற வரலாறு. அதை விளங்கிக்கொள்ள எங்கட தீவிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. ஆனால் அது கற்பிட்டியில் இல்லை, நேர் எதிர்முனையில், தெற்கே கொக்கலையில் நடந்தது.

வழி அறுந்த கதை

1930களின் கடைசியில் சிட்னியில் இருந்து லண்டனுக்கு ஒரு ஆகாய வழி இருந்தது. பறக்கும் படகு என்று சொல்லப்பட்ட விமானங்கள் அதில் ஓடின. தண்ணீரில் இறங்கி, தண்ணீரில் இருந்தே எழும்பும். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என்று தவளை மாதிரித் தத்தித் தத்திப் போகும். நாட்கணக்கில் எடுக்கும். ஆனாலும் கப்பலில் போவதோடு பார்த்தால் அது பெரிய அதிசயம்.

1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்து ஜாவா. மார்ச் 3ஆம் தேதி மேற்கு அவுஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் நின்ற பறக்கும் படகுகள் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் எரிந்தன. சங்கிலியின் நடுவில் பல வளையங்கள் ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டன. அவுஸ்திரேலியா இருந்த இடத்திலேயேதான் இருந்தது, லண்டனும் அப்படியே. ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் ஆகாயத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே வழி இல்லை.

இலங்கைக்கும் ஆபத்து வந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, கனடா விமானப்படையைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சால் கொக்கலையில் இருந்து கட்டலினா விமானமொன்றில் கிளம்பி, தீவுக்குத் தெற்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ரோந்து பறந்துகொண்டிருந்தார். அங்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். தகவலை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. அவர் பிடிபட்டு யுத்தம் முடியும்வரை கைதியாக இருந்தார். ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டபோது தீவு ஓரளவு தயாராக இருந்தது. இந்தக் கட்டலினா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விடியல்

அறுந்த வழியை எப்படி ஒட்டுவது? அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிற பேர்த் நகரத்தில் இருந்து நேரே இலங்கைக்குப் பறந்துவிட்டால், அங்கே இருந்து கராச்சி, அப்படியே லண்டன் என்று மிச்சச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான். ஆனால் நடுவில் இந்து சமுத்திரம். 5652 கிலோமீட்டர், இடையில் எங்கேயும் இறங்காமல்.

குவாண்டாஸ் நிறுவனம் 1943 நடுப்பகுதியில் இந்தச் சேவையைத் தொடங்கியது. பேர்த்தில் சுவான் ஆற்றில் இருந்து எழும்பி, கொக்கலை வாவியில் இறங்கவேணும். ஐந்து கட்டலினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரத்தின் பெயர்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. பெயர் அழகுக்கு வைத்தது மட்டும் இல்லை. எதிரி கேட்டுவிடக்கூடாது என்று ரேடியோ மௌனம் காக்கவேண்டியிருந்ததால், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். எங்கட கரையில் ஆழ்கடலுக்குப் போன பழைய ஆட்களுக்கு இது புதுசாக இருக்காது.

கட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 மணித்தியாலம். காற்று எதிராக அடித்தால் இன்னும் கூடும். 27இல் இருந்து 33 மணித்தியாலம் வரைக்கும் போனதாகச் சொல்கிறார்கள். 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்த பறப்பொன்று பதிவில் இருக்கிறது. இடையில் இறங்காமல் இவ்வளவு நேரம் பறந்த பயணிகள் சேவை அதற்குப் பிறகு வரவில்லை. ஜப்பானிய விமானங்கள் திரியக்கூடிய கடற்பகுதியை இருட்டில் கடக்கிற மாதிரி நேரம் குறித்துக் கிளம்பினார்கள். அதனால் ஒரே பறப்பில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். பெயரும் அப்படியே வந்தது: இரட்டைச் சூரிய உதயச் சேவை. இறங்கினவர்களுக்கு 'இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விமானத்துக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலாவது, எரிபொருள். ஏறக்குறைய 9000 லீட்டர். அதை ஏற்றுவதற்காக விமானத்தில் கழற்றக்கூடியது எல்லாத்தையும் கழற்றினார்கள். குளிரைத் தடுக்கிற உள்பூச்சுகூட இல்லை. குளிரும் இரைச்சலும் முழுதாக உள்ளே வந்தன. கிளம்பி முதல் பல மணித்தியாலங்களுக்கு விமானம் அவ்வளவு பாரம். இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனால் மற்றதால் அதைத் தாங்க முடியாது. எரிபொருள் எரிந்து பாரம் குறையும் வரைக்கும் கடவுள் விட்ட வழிதான்.

இரண்டாவது, இவ்வளவு பாடுபட்டு எதை ஏற்றிக்கொண்டு போனார்கள்? அதிகபட்சம் மூன்று பயணிகள். 69 கிலோ தபால். அவ்வளவுதான். ஆறு டன்னுக்கும் மேல் எரிபொருளை எரித்து, மூன்று மனிசரையும் ஒரு மூட்டைக் கடிதத்தையும் கொண்டுபோனார்கள். வியாபாரக் கணக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அது வியாபாரம் இல்லை. இராணுவ அதிகாரிகள், இராஜதந்திரத் தபால், போர்முனைக் கடிதங்கள். ஒரு பேரரசு தன் இரண்டு முனைகளையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வதற்குக் கொடுத்த விலை அது.

1945 ஜூலை 18 வரைக்கும் 271 தரம் இந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை, ஒரு பயணியும் சாகவில்லை. 1944இல் லிபரேட்டர் என்ற பெரிய தரை விமானங்களும் சேவையில் சேர்ந்தன. கடலைத் தாண்டுகிற நேரம் 17 மணித்தியாலம் அளவுக்கு இறங்கியது. யுத்தம் முடிந்ததும், அமெரிக்க உதவி ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, கட்டலினாக்களைக் கடலில் மூழ்கடித்தார்கள்.

வாவியின் கரையில் யார் இருந்தார்கள்?

விமான வரலாற்றை எழுதுகிறவர்கள் அனேகமாக இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். 5652 கிலோமீட்டர், 28 மணித்தியாலம், 271 பறப்புகள், வீரம், சாதனை. எல்லாம் உண்மைதான். ஆனால் கொக்கலை வாவி யாரும் இல்லாத வெறும் தண்ணீராகக் கிடக்கவில்லை. அதன் கரையில் ஒரு கிராமம் இருந்தது.

சிங்கள நாவலின் பெரிய பெயரான மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த ஊர் கொக்கலை. விமானத் தளம் அமைக்க யுத்தகால அரசாங்கம் அந்த ஊரின் காணிகளை எடுத்தது. மிகக் குறுகிய அவகாசத்தில் சனங்களை எழுப்பினார்கள். வீடுகள் இடிபட்டன, தென்னைகள் விழுந்தன. விக்ரமசிங்கவின் பிறந்த வீடு தப்பியது. இன்றைக்கு அங்கே ஒரு நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் எழுத்தில் அந்தக் கிராமம் உயிரோடு இருக்கிறது. எழுத்தாளர் பிறக்காத ஊர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆக, பேர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவிலான நேரத்தைச் சுருக்கியதில் கொக்கலைச் சனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சான்றிதழும் கொடுக்கவில்லை.

எங்கட மாவட்டத்துக்கும் இந்த யுத்தம் வராமல் இல்லை. புத்தளத்தில், பாலாவிப் பக்கத்தில் ஒரு ஓடுபாதை போட்டார்கள். பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு அதைப் பயன்படுத்தியது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ராஜாலிய'. கழுகுக்கான சிங்களச் சொல், எங்கட ராசாளிதான் அது. கோர்செயர் என்ற சண்டை விமானங்கள் சேற்றில் புதைந்தால் யானைகளைக் கட்டி இழுத்தார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற இயந்திரத்தை யானை நடைவேகத்தில் இழுக்கிற காட்சி! ஆகாயத்தின் வேகத்தை எப்போதும் தரையில் நிற்கிற யாரோ ஒருவர்தான் தாங்குகிறார் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில், 1947 டிசம்பர் 10ஆம் தேதி, எயார் சிலோனின் முதல் சேவை இரத்மலானையில் இருந்து கிளம்பியது. டக்கோட்டா விமானம், பெயர் 'சீதாதேவி'. போன இடம் மெட்ராஸ், வழியில் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் போனது. சுதந்திரம் கிடைப்பதற்கு முன்னமே எங்கட நாட்டின் முதல் விமான சேவை, கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே நூலில் கோர்த்தது.

பலாலியில் இருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 355 கிலோமீட்டர் அளவு. கொழும்புக்குத் தரைவழியில் போகிற தூரத்தைவிடக் குறைவு. ஆனால் யுத்த காலத்தில் இந்த ஆகாய வழி மூடப்பட்டது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தார் சென்னைக்குப் போகவேணும் என்றால், முதலில் தெற்கே கொழும்புக்கு 400 கிலோமீட்டர் இறங்கி, பிறகு கட்டுநாயக்கவில் இருந்து வடக்கே 640 கிலோமீட்டர் பறக்கவேணும். 355 ஆயிரத்துக்கு மேல் ஆனது. அதுவும் வீதி திறந்திருந்தால்தான்.

வீதி திறந்திருக்காத வருடங்கள் எவ்வளவு! ஏ9 மூடியிருந்த காலத்தில் பலாலி, இரத்மலானை விமானம் பலருக்கு ஒரே வழியாக இருந்தது. 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியில் இருந்து கிளம்பிய லயன் எயார் 602 விமானம் இரணைதீவுப் பக்கக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் வந்து சேரவில்லை. ஏறக்குறைய 330 கிலோமீட்டர், ஒரு மணித்தியாலப் பயணம். இந்த இலக்கங்களை எழுதும்போது, அந்த ஒரு மணித்தியாலத்தை இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பங்களை மறந்துவிடக்கூடாது.

கற்பிட்டிக்காரருக்குத் தெரிந்த இன்னொரு பயணமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவில் இருந்து பல குடும்பங்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில்தான் வந்து இறங்கின. மன்னாரில் இருந்து கற்பிட்டி நேர்கோட்டில் 85 கிலோமீட்டர் அளவு. மீன்பிடிப் போட்டில் சில மணித்தியாலம். திரும்பிப் போக எத்தனை வருடம் எடுத்தது? சிலர் இருபது வருடம் கழித்துப் போனார்கள். சிலர் இன்னமும் போகவில்லை, இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்கவேணும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் தேதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து மறுபடியும் நின்றது. 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. இப்போது ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் போய்விடலாம்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள தலைவிதி என்று நினைக்கவேண்டாம். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் பேர்த்தில் இருந்து லண்டனுக்கு இடையில் இறங்காத சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர், 17 மணித்தியாலம் அளவு. ஆனால் 2024 ஓகஸ்ட்டில் மத்திய கிழக்கில் பதற்றம் கூடி, ஈரான் பக்க ஆகாயத்தைத் தவிர்க்கவேண்டி வந்தது. சுற்றிப் போக எரிபொருள் காணாது என்று, லண்டன் போகிற விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது. எண்பது வருடத் தொழில்நுட்ப வளர்ச்சி ஒரு பக்கம், மூடிய வழி மறுபக்கம். வென்றது மூடிய வழி. சிட்னியில் இருந்து லண்டனுக்கு நேரே பறக்க அவர்கள் போட்டிருக்கும் திட்டத்துக்குப் பெயர் 'சன்ரைஸ்'. கொக்கலை வாவிக்கு வந்த அந்தக் கட்டலினாக்களை நினைத்து வைத்த பெயர்தான்.

அடுத்த ஓடுபாதை யாருக்கு?

இதெல்லாம் பழைய கதை, இப்ப எதற்கு என்று கேட்கலாம். கற்பிட்டிக்கு இது பழைய கதை இல்லை. 2000களில் கற்பிட்டியையும் அதைச் சுற்றியுள்ள தீவுகளையும் சேர்த்து, 14 தீவுகளில் பெரிய சுற்றுலாத் திட்டம் ஒன்று வரையப்பட்டது. உச்சமுனை அதில் ஒன்று. பத்தலங்குண்டும் ஒன்று. ஹோட்டல்களோடு ஒரு உள்நாட்டு விமான நிலையமும் அந்த வரைபடத்தில் இருந்தது. மாலைதீவைப் போல, வெளிநாட்டுக்காரர் கட்டுநாயக்கவில் இறங்கி, சின்ன விமானத்தில் சில நிமிடங்களில் இங்கே வந்துவிடவேணும் என்பது யோசனை. மீனவர்கள் எதிர்த்தார்கள். வாடி போடுகிற இடம், கரைவலை இழுக்கிற இடம், கடலுக்கு இறங்குகிற பாதை எல்லாம் போய்விடும் என்று பயந்தார்கள். தலைமுறையாக இருந்தும் கையில் உறுதி இல்லாத காணிகள் என்பதால் பயம் இன்னும் கூட.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரத்துக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோக, பிடிச்ச மீனைப் பழுதாகாமல் சந்தைக்கு அனுப்ப, வேகம் எங்களுக்கும் வேணும். வெளிநாட்டுக்கு உழைக்கப் போன தாய்மார் எத்தனை பேர் புத்தளத்தில் இருக்கிறார்கள்! பிள்ளைக்கு வருத்தம் என்றால் ஓடிவர அவர்களுக்கும் ஒரு வழி வேணும். வளைகுடாவில் இருந்து கொழும்புக்குப் பறப்பு ஐந்து மணித்தியாலம் அளவுதான். ஆனால் லீவு கிடைக்கவேணும், பாஸ்போர்ட் கையில் இருக்கவேணும், டிக்கெட்டுக்குக் காசு வேணும். அந்த ஐந்து மணித்தியாலப் பயணத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

அதனால் யாராவது ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, இந்த ஊரில் இருந்து அந்த ஊருக்கு இனி இவ்வளவு நிமிடம்தான் என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேட்போம். அந்த நிமிடம் யாருடையது? ஓடுபாதை யாருடைய காணியில் போகிறது? நாளைக்கு வழி மூடினால் முதலில் மாட்டிக்கொள்கிறவர் யார்? கொக்கலைச் சனத்துக்கு 1940களில் இந்தக் கேள்விகளைக் கேட்க அவகாசம் கொடுக்கப்படவில்லை. உச்சமுனைக்கு அந்த அவகாசம் இன்னும் இருக்கிறது.